குளத்தைப் பார்த்து ஒட்டுங்கோ: வளவுக்குள்ள டிக் வெல்டிங் பழகுறது

எங்கட பக்கம் வெல்டிங் எண்டா ஸ்டிக் தான், பூச்சுப் போட்ட ரொட்டை உருக்கி ஒட்டுறது. கேற், ஜன்னல் கிரில், ட்ரக்டர் பெட்டி, சேத்துக்கு இறக்கிற இரும்புச் சில்லு, எல்லாம் அதில தான் ஒட்டுறது. பரந்தனில இருந்து மாங்குளம் மட்டும் ஏ9 ரோட்டால போனீங்களெண்டா எத்தினையோ பட்டறையில அந்த நீல வெளிச்சம் மின்னும், ஆனா டிக் (உருகாத டங்ஸ்டன் ஊசியால, ஆர்கன் வாயுவுக்குள்ள ஒட்டுறது) எண்டு வாயெடுத்தா "அது பெரிய கொம்பனி வேலை, உனக்கேன் உது" எண்டு தான் கேப்பினம். நான் ஒட்டு வேலையில சீவிக்கிற ஆள் இல்லை, கிளிநொச்சிப் பக்கம் வீடு, பகல்ல கந்தோர் வேலை, விடியவும் லீவு நாளிலயும் வளவுக்குள்ள நிண்டு நாலு வருசமா இதைப் பழகிறன். கேட்டு வாற பெடியளுக்குத் தனித்தனியாச் சொன்னதை எல்லாம் சேத்து எழுதிறன். அதில ஒண்டு தான் முக்கியம், மிச்சமெல்லாம் அதுக்குத் துணை: ஒட்டில உருக்கிச் சேர்க்கிற கம்பியைப் போடப் பழக முதல் குளத்தைப் பாக்கப் பழகுங்கோ.

குளம் எண்டு நான் சொல்லுறது ஆர்க் எண்ட மின்சாரச் சுவாலை பட்டு உருகி நிக்கிற அந்தச் சின்ன இரும்புத் தண்ணியை. இந்தச் சொல் எனக்கு ஒரு சைக்கிள் கடை ஐயாட்ட இருந்து வந்தது. முப்பது வருசத்துக்கு மேல காஸ் வெல்டிங்கில சைக்கிள் ஃபிரேமும் சைலன்சரும் ஒட்டினவர், டிக் ரோச்சை (கையில பிடிச்சு ஒட்டுற முனையை) அதுவரைக்கும் தொட்டதில்லை. நான் மூண்டு மாசமாக் குழம்பிக்கொண்டு நிண்டதை ஒருநாள் வந்து பாத்தவர் ரோச்சைத் தா எண்டு வாங்கி, கம்பி இல்லாமல் சும்மா தகட்டில அஞ்சாறு நிமிசம் ஓடவிட்டுப் பாத்தார், பிறகு கம்பியை எடுத்து ஒரு கோடு போட்டார், அது நான் அண்டைக்கு மட்டும் போட்ட எல்லாத்தையும் விட வடிவா இருந்திச்சு. "தம்பி, நீ வெளிச்சத்தைப் பாக்கிறாய், கையைப் பாக்கிறாய், குளத்தைப் பாக்கேல்ல. குளம் எவ்வளவு அகலம், கட்டு எங்க நிக்குது, எந்தப் பக்கம் வான் பாயப் போகுது, அதைப் பார், கை தன்ர பாட்டில வரும்" எண்டார். குளம் உடைச்சா தகட்டில ஓட்டை. குளம் நிரம்பேல்லையெண்டா ஒட்டேல்ல. காஸில வேலை செய்த ஆக்கள் டிக்கை கெதியாப் பிடிக்கிறதுக்கும் இது தான் காரணம், ரெண்டிலயும் ஒரு கையில சூடு, மற்றக் கையில கம்பி, நடுவில குளம்.

இனி விசயத்துக்கு வாறன். ஸ்டிக்கில ரொட் தானே உருகிக் குளத்துக்குள்ள இறங்கும். டிக்கில ரோச் முனையில நிக்கிற டங்ஸ்டன் ஊசி உருகாது, அதின்ர உருகுநிலை 3422 பாகை செல்சியஸ், உலோகங்களுக்குள்ள அது தான் ஆகக் கூட. அது ஆர்க்கை மட்டும் தரும், சுத்திவர ஆர்கன் வந்து காத்துப் படாமல் குளத்தை மூடிக்கொண்டு நிக்கும், சேர்க்கிற கம்பியை நீங்கள் கையால வைக்கோணும். 1941 இல அமெரிக்காவில நோர்த்ரொப் விமானக் கொம்பனியில ரசல் மெரெடித் எண்டவர் மக்னீசியம் ஒட்டுறதுக்கு ஹீலியம் வாயுவோட இதைச் செய்தவர், உருகேக்க காத்துப் பட்டா பத்தி எரியிற உலோகம் அது, அதைக் காப்பாத்த வந்த முறை தான் இது. மெல்லிய தகடு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம், இதுகளுக்கு டிக் மாதிரி வேற ஒண்டும் வராது, தீப்பொறி பறக்காது, ஒட்டுக்கு மேல படியிற, தட்டி எடுக்கிற சிலாக் எண்ட கசடு இல்லை. ஆனா வெளியில நிண்டு கேற் ஒட்டுறதெண்டா ஸ்டிக் தான் சரி, அதுக்கு டிக் வாங்காதீங்கோ.

மெசின் வாங்கேக்க முதல்ல உங்களைக் கேளுங்கோ, அலுமினியம் ஒட்டப்போறீங்களா இல்லையா. இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் டிசி, அதாவது ஒரே பக்கமாப் போற கரண்ட், காணும், 160 இல்லாட்டி 200 அம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெசின் ஒண்டு பொழுதுபோக்குக்குத் தாராளம். அலுமினியத்துக்கு ஏசி வேணும், ஏனெண்டா அலுமினியம் 660 பாகையில உருகும், அதுக்கு மேல படிஞ்சிருக்கிற ஒக்சைட் தோல் 2000 பாகை தாண்டித்தான் உருகும், ஏசியில கரண்ட் மாறி மாறிப் போகேக்க தான் அந்தத் தோல் உடைபடும். ஏசி டிசி ரெண்டும் உள்ள மெசின் விலை கனக்க. என்ர கருத்து, முதல் வருசம் டிசி மட்டும் காணும், அலுமினியத்தை பேந்து பாப்பம். வீட்டில ஸ்டிக் இன்வெர்ட்டர் ஏற்கனவே கிடந்தா அதுக்கு வால்வு வைச்ச டிக் ரோச் ஒண்டை மட்டும் வாங்கிப் போட்டு உரசிப் பத்தவைச்சுப் பழகலாம், மெத்தக் குறைஞ்ச செலவு அது தான், ஊசி முனை அடிக்கடி பழுதாப் போகும் ஆனா பழக ஏலும். கொஞ்சம் காசிருந்தா ஹைஃப்ரீக்குவென்சி ஸ்டார்ட் உள்ளது எடுங்கோ, தொடாமலே ஆர்க் பத்தும்.

ஸ்டிக்கில இருந்து வாற ஆக்கள் எல்லாரும் ஒருக்காவெண்டாலும் விடுற பிழை ஒண்டிருக்கு. ஸ்டிக்குக்கு கனபேர் ரொட் பிடிக்கிற ஹோல்டரை பிளஸ்ஸில தான் போடுறவை. டிக்கில ரோச் மைனஸ்ஸுக்கு, தகட்டில கவ்வுற எர்த் கிளாம்ப் பிளஸ்ஸுக்கு. மாறிப் போட்டா சூட்டில பெரும்பகுதி டங்ஸ்டனுக்குப் போய் ஊசி முனை பத்துச் செக்கனில உருண்டையாகிடும்.

கரண்டைப் பற்றிப் பயப்பிடுற அளவுக்கு ஒண்டுமில்லை. 100 அம்பியரில ஸ்டிக் ஒட்டேக்க ஆர்க்கில 24 வோல்ட் அளவு, டிக்கில அதே 100 அம்பியருக்கு 14 வோல்ட் அளவு தான், அதால வீட்டு லைனில இழுக்கிறது நல்லாக் குறைவு. எங்கட பிரச்சினை வேற. ட்ரான்ஸ்போமரில இருந்து தள்ளி இருக்கிற வீடுகளுக்குப் பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலயும் லைட்டும் மோட்டரும் போடேக்க வோல்ட் இறங்கும், மெசின் லைட் மினுங்கி நிண்டிடும். மெல்லிய நீட்டு வயர் இழுத்து ஒட்டினாலும் இதே கதை தான், எக்ஸ்டென்சன் எண்டா தடிச்ச வயரில கட்டையா வையுங்கோ, சுருட்டி வைச்சபடி பாவிக்காதீங்கோ, சூடேறி உருகும். எர்த் ஒழுங்கா இல்லாத வீடெண்டா முதல் செலவு மெசினில்லை, எலக்ரீசியன் தான்.

காஸ் சுத்தமான ஆர்கனா இருக்கோணும். மிக் வெல்டிங்குக்கு (மெசினே கம்பியைத் தள்ளி ஒட்டுற முறை) விக்கிற, காபனீரொக்சைட் கலந்தது சரிவராது. எனக்கு ஒரு இடத்தில கலவையை ஆர்கன் எண்டு தந்துபோட்டினம், ரெண்டு நாளா நான் ஏதோ பிழை விடுறன் எண்டு நினைச்சு மண்டையை உடைச்சன், ஊசி ஒவ்வொருக்காவும் கறுத்துக் கரிஞ்சு போச்சு. சிலிண்டர் மாத்தின உடன எல்லாம் சரி. அளவுக்கு ஒரு கணக்குச் சொல்லுறன்: 10 லீற்றர் சிலிண்டரில 150 பார் அமுக்கம் இருந்தா ஏறக்குறைய 1500 லீற்றர் வாயு, நிமிசத்துக்கு 8 லீற்றர் படி விட்டா ஆர்க் எரியிற நேரம் மட்டும் மூண்டு மணித்தியாலம். இது பழகிறவருக்கு ரெண்டு மூண்டு கிழமைக்குக் காணும். நிமிசத்துக்கு 6 இல இருந்து 10 லீற்றர், அவ்வளவு தான். கூட விட்டா நல்லது எண்டு நினைக்காதீங்கோ, கூடினா வாயு சுழண்டு வெளிக்காத்தை உள்ளுக்க இழுத்திடும். சிலிண்டரை மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டித்தான் கொண்டுவரோணும், மோட்டச்சைக்கிள் பின்னால வைச்சுக் கொண்டாற வேலை வேண்டாம், வால்வு உடைஞ்சா அது ரொக்கெட் தான்.

காத்து தான் வன்னியில டிக்குக்குப் பெரிய எதிரி. சோளகம் வீசுற மாசங்களில திறந்த வெளியில ஆர்கன் ஒரு செக்கன் நிக்காது, குளம் நுரைச்சு ஒட்டில சின்னச் சின்ன ஓட்டை விழும். மூண்டு பக்கம் தகரம் அடிச்ச கொட்டில் ஒண்டு காணும், மற்றப் பக்கத்துக்குத் தேவையான நேரம் தறப்பாளைத் தூக்கிக் கட்டலாம். ஆனா தறப்பாளைப் பொறி படாத தூரத்தில கட்டுங்கோ, கிடுகு வேய்ஞ்ச கொட்டிலுக்குள்ள கிரைண்டரும் போடாதீங்கோ வெல்டிங்கும் செய்யாதீங்கோ, பக்கத்தில ஒரு வாளி மண்ணும் தண்ணியும் இருக்கட்டும். நாலு பக்கமும் இறுக்கி மூடின அறையும் கூடாது, ஆர்கன் காத்தை விடப் பாரம், கீழ தங்கி ஒக்சிசனைத் தள்ளிவிடும், மணமும் இல்லை நிறமும் இல்லை. நான் கண்ட நல்ல நேரம் விடிய ஆறு மணி: காத்தில்லை, வெய்யில் இல்லை, வோல்ட்டும் நல்லா இருக்கும். மத்தியானம் வேர்வை கண்ணுக்குள்ள இறங்கேக்க குளத்தைப் பாக்க ஏலாது.

கண்ணும் தோலும் பற்றி. டிக்கில புகை குறைவு எண்டதால ஆக்கள் அதை மென்மையான வேலை எண்டு நினைக்கினம், மறைக்கிற புகை இல்லாததால அந்தக் கதிர் இன்னும் கடுமையாத் தான் அடிக்கும். அரைக்கை பெனியனோட அரை மணித்தியாலம் ஒட்டினா கழுத்தும் கையும் வெய்யில்ல வெந்த மாதிரிச் சிவந்து உரியும். முழுக்கை பருத்திச் சேட், சட்டைக் கொலர் வரைக்கும் பூட்டி, மெல்லிய தோல் கிளவுஸ். மாஸ்க் தானாக் கறுக்கிறது எண்டா 100 அம்பியருக்குள்ள கறுப்பு இலக்கத்தை 9 அல்லது 10 இல வையுங்கோ. கண்ணில அடிச்சா உடன தெரியாது, ராத்திரி நித்திரையில கண்ணுக்குள்ள மண் அள்ளிப் போட்ட மாதிரி எரியும், அப்ப அதை இதைப் பிழிஞ்சு விடாமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. வேடிக்கை பாக்கிற பிள்ளையளை முதல்ல கலைச்சுவிடுங்கோ, அதுகளுக்கு மாஸ்க் இல்லை.

மூண்டு சாமானை நான் ஒருத்தரையும் ஒட்ட விடமாட்டன். ஒண்டு, ஜிஐ எண்ட நாகம் பூசின பொக்ஸ் பாரை அப்பிடியே ஒட்டுறது. மேல இருக்கிற நாகம் வெள்ளைப் புகையாப் போகும், அதைச் சுவாசிச்சா ராத்திரி மலேரியா மாதிரிக் குளிர்காய்ச்சல் வரும், பால் குடிச்சாச் சரி எண்டுறது பிழை. பூச்சை நல்லாத் தள்ளி வரைக்கும் அரைச்சு எடுத்திட்டு ஒட்டுங்கோ, இல்லாட்டிக் கறுப்புப் பாரே வாங்குங்கோ. ரெண்டு, குளோரின் உள்ள பிறேக் கிளீனரால துடைச்சிட்டு ஒட்டுறது, ஆர்க் சூட்டில அது பொஸ்ஜீன் எண்ட நச்சு வாயுவா மாறும், ஆளைக் கொல்லும். துடைக்கிறதுக்கு அசிட்டோன், அதுவும் காய விட்டு, போத்தலைத் தள்ளி வைச்சிட்டு. மூண்டாவது எங்கட மண்ணுக்கெண்டே உள்ளது. காணி கிளறேக்க வந்த, என்ன எண்டு தெரியாத இரும்பு, மூடின குழாய், செல் கோது மாதிரி ஏதும், பழைய இரும்புக்கடையில கிலோக் கணக்கில வாங்கினதுக்குள்ள கிடந்தாலும் தொடாதீங்கோ, அரைக்காதீங்கோ, பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ அறிவியுங்கோ. சண்டை முடிஞ்சு இத்தினை வருசத்துக்குப் பிறகும் பழைய இரும்பால கை கால் போன ஆக்கள் எங்களுக்குள்ள இருக்கினம். பழகிறதுக்கு கடையில ஒரு தகடு வாங்குங்கோ, அது ஒண்டும் பெரிய காசில்லை. எண்ணை இருந்த பரலையும் பெற்றோல் டாங்க்கையும் இதே மாதிரித் தொடாதீங்கோ.

டங்ஸ்டன் ஊசிக்கு ஒரு அந்தத்தில பூசியிருக்கிற நிறம் தான் அடையாளம். சிவப்பு தோரியம் கலந்தது, கொஞ்சம் கதிரியக்கம் உள்ளது, அரைக்கிற தூசு நெஞ்சுக்குள்ள போகக்கூடாது. நீலமோ தங்க நிறமோ வாங்குங்கோ, லந்தனம் கலந்தது, எல்லாத்துக்கும் சரிவரும். 1.6 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். தீட்டேக்க ஊசியை நீளப்பாட்டுக்கு கல்லில பிடிக்கோணும், கீறல் எல்லாம் முனையைப் பாத்து ஓடோணும், குறுக்காத் தீட்டினா ஆர்க் அலையும். கூர் நீளம் தடிப்பின்ர ரெண்டு, ரெண்டரை மடங்கு. அந்தக் கல்லை இதுக்கு மட்டும் வைச்சிருங்கோ. ஒட்டேக்க ஊசி குளத்தில தொட்டிட்டா அந்த இடத்திலயே நிப்பாட்டி எடுத்துத் திரும்பத் தீட்டுங்கோ. "இன்னும் கொஞ்சம் தானே" எண்டு தொடருறது தான் எல்லாருக்கும் வாற ஆசை, அந்த ஊசியால நல்ல ஒட்டு வரவே வராது. பத்து ஊசியை முதலே தீட்டி ஒரு ரின்னுக்குள்ள வைச்சிட்டு இருந்தீங்களெண்டா அந்த ஆசை வராது.

தகட்டில இருக்கிற கறுப்புத் தோல், துரு, பெயின்ற், எண்ணை எல்லாம் போய் வெள்ளி மாதிரி மினுங்கோணும், ரெண்டு பக்கமும் ஒரு அங்குல அகலத்துக்கு, பின்பக்கமும். கம்பியையும் துடையுங்கோ. ஸ்டிக் ரொட்டில இருக்கிற பூச்சு அழுக்கைக் கொஞ்சம் தாங்கும், டிக்கில தாங்குறதுக்கு ஒண்டும் இல்லை.

இப்ப குளம். 2 மில்லிமீற்றர் கறுப்பு இரும்புத் தகடு, உள்ளங்கை அளவு, பத்துப் பதினைஞ்சு துண்டு வெட்டி வைச்சுக்கொள்ளுங்கோ. 70 இல இருந்து 80 அம்பியர், ஊசியைச் சுத்தி வாயு வாற 6 இலக்கக் கப், ஊசி கப்புக்கு வெளியால 5 மில்லிமீற்றர் அளவு. கதிரையில இருங்கோ, நிண்டுகொண்டு பழகாதீங்கோ, முழங்கை மேசையில ஊண்டியிருக்கோணும், ரோச் வயரைத் தோளுக்கு மேலால போட்டு அதின்ர பாரம் கைக்கு வராமல் பாருங்கோ. ஆர்க் போட முதல் மாஸ்க்கை உயர்த்தி வைச்சுக்கொண்டு வெறும் ரோச்சை முழு நீளத்துக்கும் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ, நடுவில கை முட்டுப்பட்டா இருக்கிற விதம் பிழை. இதைச் செய்யாத ஆக்கள் எல்லாரும் பாதி வழியில தான் பிழை விடுகினம். நாப்பது வயது தாண்டின ஆக்கள் வாசிக்கிற கண்ணாடியை மாஸ்க்குக்குள்ள போடுங்கோ. கை நடுங்குது கை நடுங்குது எண்டு ஒரு அண்ணை ஆறு மாசம் கஸ்டப்பட்டவர், அவருக்குக் கண் தான் தெரியேல்ல.

ரோச்சை நிமிர்த்தி, போற திசைக்கு எதிர்ப்பக்கமா 10, 15 பாகை மட்டும் சரிச்சு, ஊசி முனைக்கும் தகட்டுக்கும் இடையில ஒரு தீக்குச்சித் தடிப்பு. ஆர்க் போட்டிட்டு அசையாதீங்கோ. முதல்ல அந்த இடம் சிவக்கும், பிறகு ஒரு செக்கன், ரெண்டு செக்கனில திடீரெண்டு நனைஞ்ச மாதிரி மினுங்கி வட்டமா விரியும். அது தான் குளம். அது 5, 6 மில்லிமீற்றர் அகலம் வந்தவுடன மெல்ல நகருங்கோ, அகலம் மாறாமல் தகட்டின்ர மற்ற அந்தம் மட்டும் கொண்டுபோங்கோ, கம்பி இல்லை. குளம் பெருக்குதெண்டா கெதியாப் போங்கோ, சிறுக்குதெண்டா பொறுங்கோ. ஊசி மேல எழும்பினா ஆர்க் பரந்து குளம் கலங்கின மாதிரி இருக்கும், கிட்டக் கொண்டுபோனா ஒடுங்கித் தெளியும், இதை வேணுமெண்டே ரெண்டு மூண்டு தரம் செய்து பாருங்கோ, கண்ணுக்குப் பிடிபடும். தகடு போகப் போகச் சூடேறும், தொடக்கத்தில போன வேகம் முடிவில காணாது, அந்தத்துக்குக் கிட்ட வரேக்க குளம் உடைச்சு ஓட்டை விழுறது அதால தான். தகட்டை ஆற விட்டு அடுத்த கோடு போடுங்கோ. இப்பிடி வெறும் குளத்தை ஓட்டுறதிலயே ஒரு முழுச் சிலிண்டரில பாதியைச் செலவழியுங்கோ எண்டு தான் நான் சொல்லுவன், வீண் எண்டு நினைக்கவேண்டாம், நான் கம்பியோட தொடங்கி ரெண்டு சிலிண்டரை வீணாக்கினனான்.

கம்பி இரும்புக்கு ஈஆர் 70எஸ்-6 அல்லது 70எஸ்-2, 1.6 மில்லிமீற்றர். விரலுக்கால கம்பியைத் தள்ளுறதை ரீவி பாக்கேக்க கிளவுஸ் போட்டுக்கொண்டு பழகுங்கோ, பெருவிரல் தள்ள மற்ற ரெண்டு விரலும் பிடிக்கோணும். ஒட்டேக்க கம்பியைத் தகட்டுக்குக் கிட்டப் படுத்தபடி, 15, 20 பாகையில, குளத்தின்ர முன் விளிம்பில தொட்டு எடுங்கோ. கம்பியை ஆர்க்குக்குள்ள காட்டி உருக்கி ஊத்திறதில்லை, குளம் தான் கம்பியை உருக்கோணும். தொட்டவுடன குளம் கொஞ்சம் உயரும், ரோச்சை முன்னுக்கு நகர்த்துங்கோ, திரும்பத் தொடுங்கோ. எடுக்கேக்க கம்பி முனையை வாயுவுக்கு வெளியால இழுக்காதீங்கோ, சூடான முனையில காத்துப் பட்டு ஒக்சைட் ஏறி, அடுத்த தரம் அந்த அழுக்கு குளத்துக்குள்ள போகும். கோடு முடியேக்க ரோச்சைப் படக்கெண்டு இழுக்கிறது ஸ்டிக் பழக்கம், அதை விடுங்கோ: கடைசியா ஒரு சொட்டுக் கம்பி குடுத்து, கரண்டைக் குறைச்சு, ஆர்க் நிண்ட பிறகும் ரோச்சை அதே இடத்தில பிடியுங்கோ, பின்னால வாற வாயு குளம் இறுகும் மட்டும் மூடி நிக்கோணும். 10 அம்பியருக்கு ஒரு செக்கன் எண்டு வைச்சா சரி.

பிறகு வெளி மூலை ஒட்டுப் பழகுங்கோ, அது லேசு. அடுத்தது ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு, பிறகு டி வடிவம், கடைசியா முட்டு, விளிம்போட விளிம்பு வைச்சு ஒட்டுறது. டியில ரெண்டு தகட்டிலயும் குளம் நனைஞ்சிட்டா எண்டு பாக்காமல் கம்பி வைச்சா மேல பாலம் மாதிரி நிக்கும், அடியில ஒண்டும் ஒட்டியிருக்காது. வாரத்துக்கு ஒரு துண்டையெண்டாலும் வைஸில இறுக்கிச் சுத்தியலால வளைச்சு உடைச்சுப் பாருங்கோ, அழகா இருந்தது பிளந்து வரேக்க கனக்க விளங்கும்.

ஒட்டிறதில கை தெளிஞ்சாலும் பிறேக் பெடல், ஃபோர்க், ட்ரக்டர் இழுவைக் கொக்கி, ஆள் ஏறி நிக்கிற சாமான் ஒண்டையும் ரெண்டு மூண்டு வருசத்துக்குத் தொடாதீங்கோ, எவ்வளவு தெரிஞ்ச ஆள் வந்து கெஞ்சினாலும். முதல் வேலைக்கு நல்லது குசினியில தான் கிடக்கு, பிடி கழண்ட ஸ்டெயின்லெஸ் பானை மூடி. தகடு 1 மில்லிமீற்றருக்குள்ள எண்டா 30 அம்பியருக்குக் கிட்டத் தொடங்குங்கோ, கம்பி ஈஆர் 308எல், 1.2 அல்லது அதுக்கும் மெல்லியது. ஸ்டெயின்லெஸ் சூட்டை விடாமல் பிடிச்சு வைச்சிருக்கும், கெதியா வளையும், அதால ஒரு பக்கம் ஒரு சொட்டு, ஆறவிட்டு மற்றப் பக்கம் ஒரு சொட்டு. ஒட்டு வைக்கோல் நிறமாவோ நீலமாவோ வந்தா சரி, சாம்பல் எண்டா சூடு கூட. பின்பக்கம் காத்துப் பட்டா சீனி பொரிஞ்ச மாதிரிக் கறுத்துக் கரடாகும், அதுக்கு அடியில ஒரு செப்புத் தகட்டை அழுத்தி வைச்சு ஒட்டுங்கோ. முடிஞ்ச பிறகு உள்பக்கத்தை விரலால தடவி, சொரசொரப்பு இல்லாமல் வரும் மட்டும் அரத்தாள் போட்டுத் தேய்ச்சு, கொதி தண்ணியில கழுவி அம்மாட்டக் குடுங்கோ.